அம்மா தண்ணீர் குடிக்காத பயணம்

விமானம் மேலேறிச் சமனானதும் முதல் தடவையாகத் தண்ணீர் வந்தது. மூடி ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் கோப்பை. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, பணிப்பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் கோப்பையை அப்படியே தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"குடிக்கலையா?"

"தாகம் எடுக்கட்டும்."

"தாகம் எடுக்காட்டியும் குடிக்கணும்னுதானே டொக்டர் சொன்னாங்க?"

"குடிக்கிறேன்டி. இப்பதானே ஏறி ஒக்காந்திருக்கோம். அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா."

இது எங்களுடைய இரண்டாவது விமானம். கொழும்பிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு வந்து, அங்கே மாறி ஏறியிருந்தோம். இனி டொரண்டோ வரை நிற்காமல் பதினான்கு மணி நேரம். முதல் விமானத்திலும் அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சின்னப் பயணம்தானே என்று விட்டுவிட்டேன். நடுவில் இறங்கிய விமான நிலையத்தில், பெண்களுக்கென்று தனியாக இருந்த கழிவறைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை போய்வந்தாள். அங்கேயும் குடிக்கவில்லை.

அம்மாவை நான் என் பட்டமளிப்புக்காக அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும், கடல் தாண்டிப் போய் டொரண்டோவில் இரண்டு வருடம் முதுகலை படித்து முடித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என் முதல் பட்டமளிப்பு பேராதனைப் பக்கம் நடந்தபோது அம்மா வரவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் சிறுநீரகத்தில் கல் என்று வலியில் துடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா அவளோடு இருந்தார். மண்டபத்தில் மற்றவர்களின் வீட்டார் எழுந்து நின்று கைதட்ட, என் பெயர் கூப்பிட்டபோது தோழியின் தம்பி மட்டும் விசிலடித்தான். இந்தத் தடவை அம்மா முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று இரண்டு வருடமாகவே முடிவு செய்திருந்தேன். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று அப்பா வரவில்லை. அம்மாவாவது வருகிறாளே என்று இருந்தேன்.

புறப்படுவதற்கு முன்னால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரை அடக்கக் கூடாது. அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வலி ஆகாயத்திலேயே வந்துவிடும், அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா" என்று தலையாட்டினாள். அந்த 'சரி ஐயா'வை நான் நம்பினேன். வாழ்க்கை முழுக்க அவள் துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் அதே மாதிரி தலையாட்டிவிட்டு, பிறகு தான் நினைத்ததைச் செய்தவள் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

அம்மா ஜன்னலோரம், நான் நடுவில். நடைபாதைப் பக்கம் ஒரு சிங்களப் பெரியவர், கண்டிக்காரர், டொரண்டோவில் மகன் வீட்டுக்குப் போகிறவர். ஏறியதுமே அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டார். "நோர்வூட், மாத்தயா. தோட்டம்" என்று அம்மா பாதி எழுந்து பதில் சொன்னாள். அவர் சிரித்து, வேண்டுமானால் அம்மா தன் இடத்தில் உட்காரலாம், எழுந்து போய்வர வசதியாக இருக்கும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா "எபா மாத்தயா, எபா" என்று கையை ஆட்டி மறுத்துவிட்டாள். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார்.

"அவரே தர்றேன்னு சொன்னாரே, ஏம்மா வேணாம்னு சொன்ன?"

"அவரு காசு குடுத்து வாங்கின சீட்டு. அதுல போயி நாம ஒக்காரலாமா?"

"நாமளும் காசு குடுத்துத்தாம்மா வாங்கியிருக்கோம்."

"அதான் இதுல ஒக்காந்திருக்கேன்ல?"

பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்து வெகுநேரமாகியும் அம்மா பெல்ட்டைக் கழற்றவில்லை. கழற்றலாம் என்றேன்.

"கழட்டச் சொன்னாங்களா?"

"லைட் அணைஞ்சா கழட்டலாம்னுதான் அர்த்தம்."

"அந்தப் புள்ளதான் வந்து கட்டச் சொல்லிச்சு. அதே வந்து கழட்டச் சொல்லட்டும், கழட்டுறேன்."

நேரத்தைக் கடத்துவதற்கு என்னிடம் திட்டமெல்லாம் இருந்தது. அம்மாவுக்குப் பிடித்த பழைய படங்கள் இரண்டு, நடுவில் சாப்பாடு, பிறகு கொஞ்சம் நடை, பிறகு தூக்கம். படத்தைப் போட்டுவிட்டேன். கதாநாயகி அழ ஆரம்பித்ததும் அம்மா, "இவ எப்ப பாத்தாலும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரையை மாற்றச் சொன்னாள். கடைசியில் அவள் பார்த்தது வரைபடத்தை மட்டும்தான். அதில் விமானம் ஒரு சின்ன வெள்ளைப் பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"நம்ம நாடு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"நாட்ட விட ப்ளேன் பெருசா இருக்கே!"

"அது சும்மா படம்மா."

"இது நகரவே மாட்டேங்குதே. ஓட்டுறவன் தூங்கிட்டானா?"

நகரத்தான் இல்லை. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பூச்சி அதே பாலைவனத்தின் மேல்தான் நின்றது. சாப்பாடு வந்தது. அம்மா பாண் ரொட்டியையும் வெண்ணெயையும் பைக்குள் வைத்தாள், சோற்றில் இரண்டு வாய் எடுத்தாள், ஆரஞ்சுச் சாற்றை எனக்கு நகர்த்தினாள். பிறகு கட்டியிருந்த பெல்ட்டுக்கு மேலேயே விமானக் கம்பளியை இடுப்பில் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள், தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் இருக்க இடுப்பில் படங்கு கட்டுவார்கள். அச்சு அசல் அந்தக் கட்டு. சாய்ந்துகூட உட்காரவில்லை. நிமிர்ந்து, வேலைக்குத் தயாராக இருப்பவள் மாதிரி, முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு வாய் என்றேன். எனக்காக என்றேன். கொஞ்சம் அதட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் "குடிக்கிறேன்டி" என்ற அதே பதில்தான். அவளுடைய மாத்திரையை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன்: உள்ளே வரிசையாக, மூடி பிரிக்காத தண்ணீர்க் கோப்பைகள். இதுவரை வந்த எல்லாமே. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"என்னம்மா இது? யாருக்கு இதெல்லாம்? அப்பாவுக்குக் கொண்டு போகப் போறியா?"

"கத்தாத. பக்கத்துல மனுசன் தூங்குறாரு."

"நீ குடிக்கலைன்னா நான் கத்துவேன்."

"குடிச்சா போக வேண்டி வரும்ல?"

"போனா என்ன?"

"அந்த மாத்தயாவ எழுப்பணும். இத்தன பேரு பாக்க நடந்து போகணும். அங்க ஆம்பளயும் பொம்பளயும் ஒரே எடத்துல போறாங்க, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு வேணாம். காலையில ஒரு தேத்தண்ணி குடிச்சா, பொழுது சாயிற வரைக்கும் தாங்குற ஒடம்பு இது. முப்பது வருசம் மலையில நின்னிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நெரைய விட்டு எறங்கினதில்ல. யாரையும் கேட்டுப் பாரு."

தேயிலைக் காட்டை எங்கள் ஊரில் மலை என்றுதான் சொல்வோம். நெரை என்பது ஒருத்திக்குப் பிரித்துக் கொடுத்த செடி வரிசை. அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு மினுக்கம் வந்தது. நான் சான்றிதழைக் காட்டும்போது என் முகத்தில் வருவது அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அது தாங்கினது இல்லம்மா. அத்தன பொம்பளைங்க வேல செய்யிற மலையில ஒரு கக்கூஸ் கட்டிக் குடுக்காம, ஒங்கள அடக்க வச்சாங்க. அதுல என்ன பெரும இருக்கு? அதுனாலதான் ஒனக்குக் கல்லே வந்துச்சு."

இந்தப் பேச்சை நான் வகுப்பறையில் ஆங்கிலத்தில் பல தடவை பேசியிருக்கிறேன். நன்றாகப் பேசுவேன். முடித்ததும் அறை அமைதியாகிவிடும், பேராசிரியர் தலையசைப்பார். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்னய ஒரு நாளாவது மலைக்கு விட்டேனா? கூடையத் தொட விட்டேனா?"

"இல்ல."

"அப்ப ஒனக்கு என்னா தெரியும்? வந்துட்டா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லோரும் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு, செயற்கையான இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் அடிக்கடி மறைப்பை ஒரு விரலளவு தூக்கி வெளியே பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் கத்தி மாதிரி வெயில் உள்ளே விழும். முன்னால் இருந்த ஒருவர் திரும்பி முறைத்தார். கோபம் எனக்கும் இருந்தது.

கடைசியில் அவளே பேசினாள்.

"ஏன்டி, எப்ப பொழுது சாயும்?"

"சாயாதும்மா."

"சாயாதுன்னா?"

"நாம சூரியன் போற பக்கமாத்தான் போய்க்கிட்டு இருக்கோம். போய் எறங்குறப்பவும் அங்க பகலாத்தான் இருக்கும்."

அம்மா மறைப்பை மறுபடி தூக்கிப் பார்த்தாள். மேகத்துக்கு மேலே வெயில் அப்படியே நின்றது, நாங்கள் ஏறியபோது இருந்த அதே இடத்தில்.

"அப்ப சாயவே சாயாதா?"

அவள் கேட்ட விதத்தில்தான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நேரமும் அவள் பொழுது சாய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொழுது சாய்ந்தால் வேலை முடியும், வேலை முடிந்தால் வீடு, வீடு வந்தால் போகலாம். உடம்பு அந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கை கம்பளிக்குள் விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"ம்மா."

"லேசா."

லேசா என்று அம்மா சொன்னால் அது லேசு இல்லை. போன தடவை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றும்போதும் அதைத்தான் சொன்னாளாம். கீழே என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தேன். ஏதோ கடல். மண்டபமும் முன் வரிசையும் என் மனதிலிருந்து நழுவிப் போய்க்கொண்டிருந்தன. மறுபடியும் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கறுப்பு அங்கியோடு நான் நிற்கிற மாதிரி தோன்றியது. அம்மாவின் பெல்ட்டை நானே கழற்றினேன். பக்கத்துப் பெரியவரின் தோளைத் தொட்டேன். அவர் பதறி எழுந்து, கழுத்தில் வயர் சுற்றிக்கொள்ள, "யன்ன அம்மே, யன்ன" என்று வழிவிட்டார். அம்மா அவரிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள், கம்பளிப் படங்கோடு.

கழிவறை சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேர் நின்றார்கள்: குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பெண்ணும், தொப்பி போட்ட பெரிய உருவமான ஓர் ஆளும். அம்மாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் எங்களை முன்னால் விட்டார். தாழ்ப்பாளை எப்படி இழுப்பது, எதை அழுத்தினால் தண்ணீர் போகும், எல்லாவற்றையும் காட்டிக் கதவைச் சாத்தினேன். வெளியே அமைதியாக நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா வெளியே வந்துவிட்டாள்.

"போனியா?"

"வரல."

"வலிக்குதுன்னு சொல்ற, வரலங்குற. என்னம்மா?"

"நீ போயிட்டியோன்னு நெனச்சேன்."

"எங்க போறேன்? இங்கதானே நிக்கிறேன்."

"நிக்கிறேன்னா பேச வேணாமா? ஒரு சத்தம் இல்ல. உள்ள இருக்கிறவளுக்கு என்னான்னு தெரியும்?"

அம்மா பொறுமையிழந்து, தொப்பிக்காரர் பார்க்கப் பார்க்க, தாழ்ந்த குரலில் விளக்கினாள். மலையில் ஒருத்தி கானுக்குள், அதாவது செடிகளுக்கு நடுவே ஓடும் வடிகாலுக்குள் இறங்கினால், மேலே இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். சும்மா நிற்க மாட்டாள். சத்தமாக எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கங்காணிக்கு விசயம் விளங்கிவிடும், அந்தப் பக்கம் வர மாட்டார்.

"பேச்சு நின்னுச்சுன்னா, யாரோ வர்றாங்கன்னு அர்த்தம். ஒடனே எந்திரிச்சிரணும். நீ பாட்டுக்குக் கம்முன்னு நிக்கிற. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு."

"ஒரு நாளும் நெரைய விட்டு எறங்கினதில்லன்னு சொன்ன?"

"முடியாம போனா எறங்காம? சண்டையில சொல்றதயெல்லாம் புடிச்சுக்குவியா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சத்தியமாக எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதை ஏறியதுமே சொல்லியிருக்கலாம். இத்தனை மணி நேரமும் இத்தனை கெஞ்சலும் மிச்சமாகியிருக்கும். "சரி, போ, பேசுறேன்" என்று உள்ளே அனுப்பிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எனக்கு எதிரே இப்போது நான்கு பேர். என்ன பேசுவது? மேடையில் பேசிப் பரிசு வாங்கிய எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

"என்னா, பேசுறியா இல்லையா?" உள்ளேயிருந்து குரல்.

"பேசுறேன், பேசுறேன். அது... கீழ் லயத்து அத்த இருக்காங்கல்ல, அவங்க ஆடு போன மாசம் நம்ம தோட்டத்துக்குள்ள வந்து போஞ்சிக் கொடிய எல்லாம் தின்னுட்டுப் போச்சாம். அப்பா போய்க் கேட்டதுக்கு அத்த சொன்னாங்களாம், ஆட்டுக்கு வேலி தெரியுமான்னு—"

"ஆடு இல்லடி, மாடு."

"மாடா? அப்பா ஆடுன்னுதானே சொன்னாரு."

"ஒங்கப்பாவுக்கு ஆடு மாடு வித்தியாசம் தெரியாது. நிறுத்தாத, சொல்லு."

சொன்னேன். தொண்டை கிழியும் குரலில், ஆகாயத்தின் நடுவில், எங்கள் லயத்தின் ஊர்க்கதை முழுவதையும் சொன்னேன். யார் வீட்டுத் தகரம் பறந்தது, யார் மகள் வட்டவளைப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள், கோயில் திருவிழாவில் மைக்செட் எப்படி நின்றுபோனது. தொப்பிக்காரர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை என்னையே வாய் திறந்து பார்த்தது. எதற்கு இப்படிக் கத்துகிறேன் என்று பணிப்பெண் வந்து பார்த்தார். நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அம்மா எழுந்துவிடுவாள்.

வெகுநேரம் கழித்து உள்ளே தண்ணீர் இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா வெளியே வந்து, பணிப்பெண் கையில் இருந்த தண்ணீர் போத்தலைச் சைகையால் கேட்டு வாங்கி, அண்ணாந்து, பாதியை அங்கேயே குடித்தாள்.

அதன் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. தண்ணீர் உள்ளே போனது, வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஆனால் அரை மணிக்கொரு தடவை அம்மா என் முழங்கையை இடித்தாள். பெரியவர் தூங்குவதைக் கைவிட்டுவிட்டு, நாங்கள் அசைந்தாலே எழுந்து நிற்கப் பழகிவிட்டார். ஒரு தடவை நான் களைத்துப்போய் முணுமுணுத்தபோது, "கேக்கல, வாயத் தொறந்து பேசு" என்று உள்ளேயிருந்து திட்டு வந்தது. பட்டம் வாங்கப் போகிற களை எதுவும் என் முகத்தில் மிஞ்சவில்லை. தொண்டை கட்டிவிட்டது. எங்கள் லயத்தில் பேசுவதற்கு ஆட்களும் தீர்ந்துபோனார்கள்.

தரையிறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசியாக ஒரு தடவை போனாள். அப்போதும் வெளியே பகல்தான். சொல்ல வேறு எதுவும் இல்லாமல் பட்டமளிப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மண்டபம் எவ்வளவு பெரியது, அம்மா எந்த வரிசையில் உட்கார வேண்டும், என் பெயரை எப்படிக் கூப்பிடுவார்கள், நான் எந்தப் பக்கமாக மேடையேறி எந்தப் பக்கமாக இறங்குவேன், அம்மா எப்போது எழுந்து கைதட்ட வேண்டும்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் அம்மா கதவுக்குள்ளேயிருந்து. "அந்த மண்டபத்துல இது எங்க இருக்கு? பொம்பளைங்களுக்குத் தனியாவா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலம்மா."

"ரெண்டு வருசம் படிச்சிருக்க" என்றாள். "சரி, பேச்ச நிறுத்தாத."